உறைந்த சூப்பும் என் வலது முட்டியும்

அன்று காலை உரித்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. வலது முட்டிக்குள் ஏதோ நழுவிச் சிக்கிக்கொண்டது. ஆட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் காலை நீட்டினால் நீளவில்லை, மடக்கினால் மடங்கவில்லை. ஓங்கி ஒரு உதறு உதறியதும் விட்டது. விட்டதே போதும் என்று கத்தியை எடுத்தேன்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. திருவண்ணாமலையில் கறிக்கடை வைத்திருந்தேன், வயது நாற்பத்திரண்டு. இதேபோல் முட்டி சிக்கிக்கொள்ளும் யாராவது படிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன். தைரியம் சொல்லும் கதையெல்லாம் என்னிடம் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அருவருப்புதான் முதலில் வருகிறது.

என் பிழைப்பே குந்துவதில் இருந்தது. கட்டைக்கு எதிரே குந்தித்தான் கறி வெட்டுவேன். தொழுகைக்கு முட்டி மடங்க வேண்டும். கக்கூசுக்கும் குந்தத்தான் வேண்டும். இரண்டாவது மாதத்தில் குந்தினால் எழ முடியாமல் போயிற்று. என் மனைவி மும்தாஜ் கக்கூஸ் வாசலில் காத்திருப்பாள். நான் கூப்பிட்டதும் உள்ளே வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்குவாள். அந்த நாற்றத்தில் அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். யார் கையையும் பிடிக்காமல் குந்தி எழ வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அப்படியும் நான் டாக்டரிடம் போகவில்லை. கறிக்கடைக்காரன் என்ற திமிர். எத்தனை ஆயிரம் முட்டிகளைப் பிளந்திருப்பேன்! எலும்பின் முனையில் வெள்ளையாக, ஈரமாக, பீங்கான் மாதிரி பளபளக்குமே, அதுதான் குருத்தெலும்பு (எலும்போடு எலும்பு உரசாமல் காக்கும் வழவழப்பான பாகம்). எனக்குத் தெரியாத முட்டியா என்று நினைத்தேன்.

மருந்தும் என் கடையிலேயே தொங்கியது. பௌர்ணமிக்கு மறுநாள் ஆட்டுக்கால்தான் முதலில் தீரும். மலை சுற்றியவர்கள் முட்டியைத் தடவிக்கொண்டு வருவார்கள். “கால் சூப் வெச்சுக் குடிங்க, முட்டி கெட்டியாவும்” என்று சொல்லி விற்பேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து அஞ்சலை என்ற அம்மா, மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் உழைத்து முட்டி தேய்ந்த தன் புருஷனுக்காக ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து நாலு கால் வாங்கிப் போவார். நான் ஒன்றும் பொய் சொல்லி விற்கவில்லை. ஆறிய கால் சூப் காலையில் கட்டியாக உறைந்திருக்கும், கரண்டியால் வெட்டினால் துண்டாக வரும். பாத்திரத்தில் உறைவது முட்டியில் உறையாதா என்று உண்மையாகவே நம்பினேன்.

ஆனால் நான் அதை வாயில் வைத்ததில்லை. கருகிய மயிர் வாடையிலும் குளம்பு அழுக்கிலும் நாள் முழுக்கக் கிடப்பவனுக்கு அது எப்படித் தொண்டையில் இறங்கும்?

“ஊருக்கெல்லாம் சொல்றீங்க இல்ல? மூக்கைப் புடிச்சிக்கினு குடிங்க” என்றாள் மும்தாஜ்.

எட்டு மாதம் குடித்தேன். உதட்டோடு உதடு ஒட்டும். ஏப்பத்தில் மயிர் கருகும். பாதி நாள் குடித்ததைக் கக்கிவிட்டு மறுபடியும் குடிப்பேன். நடுவில் நாட்டு வைத்தியர் ஒருவர் முட்டை வெள்ளையையும் உளுத்தம் மாவையும் குழைத்துக் கட்டுப் போட்டார். சித்திரை வெயிலில் அது உள்ளேயே அழுகி எறும்பு மொய்த்தது. பிரிக்கும்போது கட்டுப் போட்டவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். முட்டி மட்டும் பலாப்பிஞ்சுபோல் வீங்கிக்கொண்டே போனது.

கடைசியில் மும்தாஜ்தான் என்னை வேலூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் முட்டியில் ஊசி குத்தி நீரை உறிஞ்சினார். மஞ்சளாக, பிசுபிசுவென்று வந்தது. எனக்குக் குமட்டியது. அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது.

“சூப்பு வந்து இறங்கியிருக்குதுங்களா டாக்டர்?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “இது வீக்கத்துல சுரந்த நீர், பாய். நீங்க குடிச்ச சூப் வயித்துலயே ஜீரணமாயிடும். நேரா முட்டிக்குப் போய் ஒட்டாது” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். குருத்தெலும்புக்குள் இருப்பது கொலாஜன் (தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியிருக்கும் நார்ப்புரதம்). அது வலைபோல் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைப்பதால்தான் முட்டி பாரம் தாங்குகிறது. கொதிக்க வைத்தால் அந்தப் பின்னல் குலைந்து வெறும் பசையாகிவிடும். நான் பாத்திரத்தில் பார்த்தது அந்தப் பசையைத்தான். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதனால் தேய்ந்தால் பழையபடி வளராது, வளர்ந்தாலும் சொரசொரப்பான நார்தான் வரும். என் முட்டிக்குள் கிழிந்திருந்தது மெனிஸ்கஸ் (இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கும் மெத்தை).

“சிக்கினப்பவே வந்திருக்கணும். இத்தனை மாசமா கிழிசலோடவே குந்தி எழுந்து, மேல இருந்த வழவழப்பையும் தேச்சிட்டீங்க.”

“ஆபரேஷன் பண்ணா குந்தலாங்களா?”

“நடக்கலாம். இனிமே சிக்காது. குந்தறதை மறந்துடுங்க.”

மும்தாஜ் என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். இனி காலத்துக்கும் அந்தக் கைதானே என்று எரிச்சல். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

ஆபரேஷன் முடிந்ததும், எடுத்த துண்டைக் காட்டச் சொன்னேன். தட்டில் நனைந்த திரிபோல மஞ்சளாக, பிய்ந்து கிடந்தது. என் கடையில் என்றால் நாய்க்கு எறிந்திருப்பேன். எட்டு மாதம் சூப்பை மலைபோல் நம்பி நான் காத்த முட்டிக்குள் இருந்தது இதுதான்.

வீடு வந்ததும் காலில் மணல் மூட்டை கட்டித் தூக்கித் தூக்கித் தொடையில் பலம் ஏற்றினேன். ஆசாரி நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று செய்துகொடுத்தார். அதன் பிறகு மும்தாஜ் கக்கூஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. தொழுகையும் நாற்காலியில்தான். கடையில் கட்டையை உயர்த்தி, ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டப் பழகினேன்.

கடையை மறுபடி திறந்த முதல் ஞாயிறே அஞ்சலையம்மா வந்தார். “நாலு கால் குடு, பாய்.”

“ருசிக்குன்னா வாங்கிக்கம்மா. முட்டிக்குன்னா வேணாம். அவரை வேலூருக்கு இட்டுக்கினு போ.”

“நீதானே சொன்ன? ரெண்டு வருசமா காய்ச்சி ஊத்தறேன். இப்ப அந்தாளு எழுந்திரிக்கறதே இல்ல.”

“நான்தான் சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்மா.”

அவர் என் ஸ்டூலையும் நீட்டிவைத்த காலையும் மாறி மாறிப் பார்த்தார். பையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மறு ஞாயிறு அவர் எதிர்க் கடையில் நின்றிருந்தார். “கால் சூப் வெச்சுக் குடும்மா, முட்டி கெட்டியாவும்” என்று அந்தக் கடைக்காரன் சொன்னது இங்கே கேட்டது. என் வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை. ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் பலகையில் ஊன்றினேன். வலது காலை மெல்ல நீட்டி, முட்டிக்குள் சொரசொரப்பு உரசி அடங்கும்வரை காத்திருந்து, உடம்பைத் தூக்கினேன்.

நான் நிமிர்ந்தபோது எதிர்க் கடையில் அந்தம்மா இல்லை. கீழ்பென்னாத்தூர் பஸ் கிளம்பிவிட்டிருந்தது.