ஒரு சொட்டு அக்கா

ஒரு சொட்டு அக்காவுக்கு நான் ஆயிரத்து நூறு தரவேண்டியிருந்தது. என் கைத்துப்பாக்கியைப் பதினோரு தடவை துடைத்து எண்ணெய் போட்ட கூலி, தடவைக்கு நூறு வீதம். மாதாமாதம் நூறை நீட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. என் கடைக்குத் தோல் தருகிறவரிலிருந்து பலகைக்குச் சாயம் அடிக்கிறவர்வரை எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரே தடவை மொத்தமாக எண்ணிக் கொடுப்பேன். எண்ணிக்கையில் நான் தப்பியதே கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எண்ணுவதிலும் தப்பினால் எப்படிப் பிழைப்பான்? ஆக, அந்தக் கடன் காசில்லாமல் நிற்கவில்லை. வீம்பில் நின்றது.

அவர் எண்ணெய் விடுவதைப் பார்க்கவேண்டும். ஊசி மருந்து போடும் குழாய் ஒன்றில் எண்ணெயை ஏற்றி வைத்திருப்பார். மெல்ல அழுத்துவார். நுனியில் சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து யோசிப்பார். விழுந்ததும் குழாயை நிமிர்த்திவிடுவார். "போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பார், துப்பாக்கியைப் பார்த்து.

சுடுபயிற்சிக் கூடத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு இரும்பு மேஜை, அதன்மேல் நாலாக மடித்த துண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் படார் படாரென்று வெடித்துக்கொண்டே இருக்கும். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அக்காவின் கை நடுங்காது. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது, எனக்கு எழுபத்தொன்று. ஆனாலும் அவர் எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்காதான்.

துப்பாக்கியை வாங்கியதும் தோட்டாப்பெட்டியைக் கழற்றித் தள்ளி வைப்பார். உள்ளே தோட்டா தங்கியிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்ப்பார், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவுவார். "காலிதான்க்கா" என்று கொண்டுவந்தவர் சத்தியம் செய்வார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே விரலை விடுவார். அப்புறம்தான் பாகம் பாகமாகப் பிரித்துத் துண்டின்மேல் பரப்புவது. வெறும் மேஜையில் ஒரு திருகாணியைக்கூட வைக்கமாட்டார்.

கரியைக் கரைக்கும் திரவத்துக்கு அவர் வைத்த பெயர் மருந்து. மருந்தில் நனைத்த துணியைக் கம்பியில் கோத்து, குழலின் பின்பக்கத்திலிருந்துதான் செலுத்துவார். வாய்ப்பக்கமாக விட்டால் கம்பி உரசி நாளடைவில் குறி கெட்டுப்போகுமாம். அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வருகிறவரை துடைப்பார். மருந்து ஒரு துளி மேல்பூச்சில் தெறித்தாலும் உடனே ஒற்றி எடுத்துவிடுவார். "உள்ளே கரியைத் தின்னும். வெளியே நின்னா பூச்சைத் தின்னும். அதுக்கென்ன தெரியும் பாவம்?"

சந்து பொந்துகளுக்குப் பல் துலக்கும் பிரஷ். டப்பாவில் ஆறு கிடக்கும், அத்தனையும் குடும்பச் சொத்து. ஒன்று மட்டும் புதுசுபோல இருந்ததால் கேட்டேன். "அது எங்க வீட்டுக்காரரோடது. அவரு இன்னும் தேய்ச்சிட்டுத்தான் இருந்தாரு. எனக்கு அவசரம்" என்றார். கடைசியாக மேலே துடைப்பது பழைய பனியன் துணி, தையல் வராத நடுப்பாகம் மட்டும். அந்த வீட்டுக்காரர் புதுப் பனியன் வாங்கினால் இப்போது ஒளித்து வைக்கிறாராம்.

ஒருதரம் ஒரு பல் மருத்துவர், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு வந்தார், உதவி செய்கிறாராம். அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். "இந்தக் கறுப்பு அழுக்கில்ல தம்பி, தோலு. பல்லு மஞ்சளா இருந்தா நீங்க உப்புத்தாள் போட்டா தேய்ப்பீங்க?" எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கொண்டுவருகிறவர்களுக்கு வேறு வசவு. "இதை என்ன, பொரிக்கவா போறீங்க? எண்ணெய் வழிஞ்சா ஊர்ப்பட்ட தூசியும் வந்து உக்காரும். அப்புறம் சிக்குது சிக்குதுன்னு என்கிட்டயே வருவீங்க."

இந்தச் சிக்கனம் துப்பாக்கியில் வந்ததல்ல. இருபத்தோரு வருஷம் சட்டை தைக்கும் ஆலையில் தையல் மிஷின்களைப் பராமரித்தவர். அங்கே தைத்ததெல்லாம் வெள்ளைச் சட்டை. ஒரு சொட்டுக்கு மேல் போனால் எண்ணெய் ஊசி வழியாக இறங்கித் துணியில் பொட்டு வைத்துவிடும். அந்தச் சட்டையின் விலை சம்பளத்தில் பிடிபடும். "முதல் மாசம் எனக்குச் சம்பளமா வந்தது ஒம்போது சட்டை. ஒண்ணுகூட எங்க வீட்டுக்காரருக்குப் பத்தல" என்று சொல்லிச் சிரிப்பார். அக்காவின் சமையல் எப்படி என்று அந்த வீட்டுக்காரரையே கேட்டிருக்கிறேன். "எண்ணெய்ச் செலவே கிடையாதுங்க. ருசியும் கிடையாது" என்றார். லாரி ஓட்டியவர். முழங்கால் போய் வீட்டோடு இருக்கிறார். மூன்று வருஷமாக அந்த வீட்டு வாடகை இந்த மேஜையிலிருந்துதான் போகிறது.

காசை அவர் கையில் வாங்குவதில்லை. எப்போதும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருப்பார். "மேஜையில வைங்க. நோட்டுல இல்லாத வேர்வையா? அந்த வேர்வையோட இரும்பைத் தொட்டா நாளைக்கே துரு."

இனி என் கதைக்கு வருகிறேன். பெல்ட்டுக்கு ஓட்டை குத்தும் கூலியாளாகத் தொடங்கி, இன்று நாலு மாடித் தோல்கடை வைத்திருக்கிறேன். ஓட்டைக்கு ஓட்டை எண்ணிக் கூலி வாங்கியவன் நான். துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்ததும், என் பட்டறையிலேயே அதற்கு ஒரு தோல் உறை தைத்தேன். ஆள் வைத்துச் செய்யவில்லை, நானே தைத்தேன். வெளியே என் கடை முத்திரையைப் பழுக்க வைத்து அழுத்தினேன், லாடமும் அதற்குள் ஏழு ஆணிப் புள்ளியும். அதுபோல ஒரு உறை அந்தக் கூடத்தில் யாரிடமும் கிடையாது.

முதல் நாளே அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் பிரமாதம், பெரியவரே. சுவத்துல மாட்டி வைங்க. துப்பாக்கியை மட்டும் இதுக்குள்ள வச்சு மூடாதீங்க."

எனக்குச் சுர்ரென்றது. "தோலைப் பத்தி எனக்கே பாடமாம்மா?"

"தோலு உங்களுக்குத் தெரியும். இரும்பு எனக்குத் தெரியும்" என்றார், சொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த மழைக்காலத்தில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டேன். திரும்பி வந்து அலமாரியைத் திறந்து உறையிலிருந்து உருவினால், அந்த நீலக்கறுப்புப் பளபளப்பின் ஒரு பக்கம் முழுக்கச் செம்பழுப்புத் திட்டு. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நேரே கூடத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "உன் மருந்து என் துப்பாக்கியைத் தின்னுடுச்சு! ஒரு காசு தரமாட்டேன்!"

அவர் துப்பாக்கியைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். "நான் பண்ணலை, பெரியவரே" என்றார். அவ்வளவுதான். அதிலும் ஒரே சொட்டு.

அடுத்த வாரமே மூன்று பேர் தங்கள் துப்பாக்கிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு புகார் வந்தால் மாதக் கடைசியில் மேஜையை எடுத்துவிடுவது என்று கூடத்தின் செயலாளர் முடிவு செய்திருந்தார். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்காதான் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஒருதடவை உறையையும் துப்பாக்கியையும் சேர்த்து எடுத்துட்டு வாங்க. யாரும் இல்லாத நேரமா வாங்க."

மத்தியான இடைவேளையில் போனேன். அவர் வழக்கம்போலத் தொடங்கினார். தோட்டாப்பெட்டி, சுண்டுவிரல், மருந்து, பனியன் துணி. திட்டின்மேல் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் அழுத்தாமல் துடைத்தார். மேலாகப் படர்ந்திருந்த துரு போய், அடியில் ஆழமாக அரித்த இடம் மட்டும் நின்றது. விளக்கை இழுத்துச் சாய்த்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

லாடம். உள்ளே புள்ளிகள். எண்ணினேன், ஏழு.

இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து என் தையலை நானே பிரித்தேன். வெளியே அழுத்திய முத்திரை உள்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. அந்தப் புடைப்பின்மேல் பதனிட்ட தோலின் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. என் கடையில் பெல்ட் கொக்கிகளுக்கெல்லாம் காகிதம் சுற்றித்தான் அடுக்குவோம். சுற்றாவிட்டால் தோல் ஈரத்தைக் குடித்து உலோகத்தைப் பச்சையாக்கிவிடும். அதற்காக எத்தனை வேலையாட்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்! துப்பாக்கியும் உலோகம்தான் என்று எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

"முத்திரை நல்லா ஆழமா விழுந்திருக்கு" என்றார் அக்கா, ஜன்னல் பக்கமிருந்தே. "மட்டமான வேலைன்னா இவ்வளவு தெளிவா தெரியாது."

"அன்னைக்கே எல்லார் முன்னாலயும் உறையைக் காட்டியிருக்கலாமேம்மா?"

"நீங்க கத்தினீங்க, நானும் கத்தணுமா? நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. பழியைப் போட்டது நீங்க. எடுக்கறதும் நீங்கதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. நான் நடுவில் நின்று உறையையும் துப்பாக்கியையும் உயர்த்திப் பிடித்தேன். "பாத்துக்குங்க. துப்பாக்கியைக் கெடுத்தது அக்கா இல்ல, நான் தைச்ச உறை. இரும்புலயே முத்திரை விழற அளவுக்கு வேலை தெரிஞ்சவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்!" ஒரே சிரிப்பு. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் பல் மருத்துவர். போன மூன்று பேரில் அவரும் ஒருவர். சிரித்து முடித்ததும் தன் துப்பாக்கிப் பெட்டியைக் கொண்டுபோய் அக்காவின் மேஜையில் வைத்தார். செயலாளர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

பணத்தை எடுத்து மேஜையில் வைக்கப் போனேன். "இருங்க" என்றார் அக்கா. வலது கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். பனியன் துணியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். நான் ஊர் கேட்க எண்ணி வைத்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. அக்காவின் கை மடங்கவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணு குறையுது, பெரியவரே."

"பதினொண்ணு! நான் எண்ணித் தப்பினதே கிடையாது."

"உறையைப் பிரிச்சீங்களே, அன்னைக்கு அதுக்கு முன்னால தொடைச்சேனே? அது யார் கணக்கு?"

பின்னால் யாரோ விசிலடித்தார்கள். நான் மறுபடி சட்டைப்பைக்குள் கைவிட்டு, ஒரு நோட்டை உருவி மேலே வைத்து, "பன்னெண்டு" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் அந்த விரல்கள் மடங்கின.