மாமா ஆடிய ஆட்டம்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் யாரோ அதில் ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். தோட்டத்து உதைபந்தாட்ட டீம். பதினொரு பேர், நடுவில் ஒரு கோப்பை, பின்னால் தேயிலை அரைக்கிற ஸ்டோரின் தகரச் சுவர். முன்வரிசையில் இடது கோடியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருப்பவர் யாரென்று இப்போது பந்தடிக்கிற பையன் ஒருவன் கேட்டிருந்தான். மற்றப் பத்துப் பேரின் பெயர்களையும் ஆளுக்கொருவராக எழுதிவிட்டார்கள். அவர் பெயரை மட்டும் யாரும் எழுதவில்லை. படத்தைப் பார்த்தவர்களில் என் அப்பாவும் இருந்தார். வாழ்க்கைப்பட்டு நுவரெலியாவுக்கு வந்துவிட்ட நானும் பார்த்தேன். நானும் எழுதவில்லை.

அவர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. அம்மாவுக்குக் கல்யாணமாகும்போது அவருக்குப் பத்து வயதாம். தாய் தகப்பன் இல்லாததால் அம்மா அவரையும் கையில் பிடித்துக்கொண்டுதான் மேட்டு லயத்து வரிசை வீட்டுக்கு வாழ வந்தாள். அப்பா அவரை மச்சினனாக நினைத்ததேயில்லை, முதல் பிள்ளையாகத்தான் வளர்த்தார் என்று லயத்தில் சொல்வார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே காம்பரா. அதில் நாங்கள் மூன்று பேரும் படுப்போம். வெளியே இஸ்தோப்புத் திண்ணையைச் சாக்குக் கட்டி மறைத்து மாமா படுப்பார். ஆனால் அவருடைய பூட்ஸ் வெளியே கிடக்காது. அது உள்ளே, அடுப்புச் சூடு படுகிற பரணில், சாமி படத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். விளக்கேற்றிக் கும்பிடும்போது என் கண் அந்தப் பக்கமும் ஒரு முறை போய்வரும்.

காலையில் மாமா கவ்வாத்து மலையில் செடி வெட்டுவார். பின்னேரம் ஸ்டோருக்குக் கீழே உள்ள கிரவுண்டில் பந்தடிப்பார். அந்தக் கிரவுண்ட் இடது பக்கம் கொஞ்சம் சரிந்தது. வெளித்தோட்டக்காரர்கள் வந்தால் அதைச் சொல்லிக் குறைப்படாமல் போகமாட்டார்கள். மாமாவுக்கோ அந்தச் சரிவில்தான் கால் முளைத்தது. பந்தோடு அவர் அந்த ஓரத்தில் இறங்கினால், துரத்துகிறவர்கள் இருட்டில் படி தேடுகிறவர்கள் மாதிரித் தடுமாறுவார்கள்.

அப்பாவுக்குப் பந்தடிக்க வராது. அவருக்கு வந்தது தப்பு மேளம் அடிப்பது. ஆட்டம் என்றால் ஏழெட்டுப் பேர் தப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவர் அப்பா. மாமாவின் காலுக்குப் பந்து வந்ததும் ஓர் அடி தொடங்கும். அவர் ஓட ஓட அது வேகம் பிடிக்கும். கோல் விழுந்தால் எல்லாத் தப்பும் ஒன்றாக வெடிக்கும். அந்த அடிக்கு மாமாவின் பெயரையே வைத்திருந்தார்கள். மஸ்கெலியா, கந்தப்பளை, உடப்புசல்லாவை என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் லொறியில் நின்றுகொண்டே போவோம். நான் அப்பாவின் தோளில் இருப்பேன். குளிரில் காது விறைத்துப்போகும். திரும்பி வரும்போது மாமா தன் ஜெர்சியைக் கழற்றி என் தலையில் போர்த்துவார். வியர்வையும் சேறும் மணக்கும் அந்தத் துணிக்குள் உட்கார்ந்து, உலகத்தில் எனக்குக் கிடைக்காதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு வருவேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் ‘பந்துக்காரர் மருமகள்’. வாத்தியாரே அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் ஒரு டீம் நடத்தினார். மாமாவுக்குக் கடையில் வேலையும் மாடியில் ஓர் அறையும் தருவதாகச் சொல்லி அவர் கூப்பிட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மாமா போய்விட்டார். அடுத்த ஞாயிறு எங்கள் தோட்டத்துக்கு இறுதி ஆட்டம் இருந்தது.

பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் சொல்லித்தான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

“ஒனக்குத் தெரியுமா?”

அம்மா சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். “தெரியும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சொன்னா விட்டிருப்பீங்களா? காலம்பூரா அட்டக் கடியில கவ்வாத்துக் கத்தியப் புடிச்சிக்கிட்டே கெடக்கணுமா அவன்? நாந்தான் போகச் சொன்னேன். ஒங்க மொகத்தப் பாத்தா அவனுக்குப் போக மனசு வராது. அதான் சொல்லாம போகச் சொன்னேன்.”

அப்பா பூட்ஸ் இல்லாத பரணை ஒரு தடவை பார்த்தார். பிறகு குடத்தை எடுக்கப் போனார். அம்மாதான் அனுப்பினாள் என்பதை அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அதனால் பழி முழுவதும் மாமாவின் தலையிலேயே விழுந்தது.

இறுதி ஆட்டத்தில் எங்கள் டீம் தோற்றது. அதன்பிறகு தோட்டத்தில் மாமாவைப் பற்றிப் பேசுகிற விதமே மாறிவிட்டது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அவர் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர்களே வந்து அதன் மேல் சுண்ணாம்பு பூசினார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முதல் நாள் மாமாவுக்கென்று முட்டை அவித்துக் கொண்டுவந்து தருகிற அடுத்த காம்பரா அத்தை, “என் கோழி முட்டையிலதான் அவனுக்கு அந்தக் காலு” என்று ஏச்சைத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். போனது கூடப் பெரிதில்லை, சொல்லாமல் போய்விட்டானே என்பதுதான் எல்லோருடைய வாயிலும் இருந்தது. பஸ் கண்டக்டரிடம் மாமா எனக்குக் கொப்பியும் பென்சிலும் கொடுத்தனுப்பினார். அப்பா அவற்றைப் பிரிக்காமலே அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினார்.

என் பட்டப்பெயரும் மாறியது. இப்போது நான் ‘ஓடுகாலி மருமகள்’. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் எனக்கும் மாமா மேல் கோபம் வந்துவிட்டது. அவரால்தானே எனக்கு இந்தப் பெயர்.

சில மாதம் கழித்து அந்த ஹட்டன் டீம் எங்கள் கிரவுண்டிலேயே எங்களோடு ஆட வந்தது. அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். அம்மா ஆட்டம் பார்க்க வருகிற பழக்கமில்லை. விடிந்ததும் சேவலை அடித்து, மசாலை அரைக்கத் தொடங்கிவிட்டாள். நான் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

“ஆட்டம் முடிஞ்சதும் மாமாவக் கையோட கூட்டிக்கிட்டு வா. அக்கா சோறாக்கி வச்சிக்கிட்டுக் காத்திருக்கு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லு. மறந்துறாத.”

அப்பா இஸ்தோப்பில் தப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மதியமே மூடுபனி இறங்கிவிட்டது. ஈரத்தில் தப்பின் தோல் தளர்ந்துவிடும் என்பதால் கிரவுண்டின் ஓரத்தில் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைப் போட்டு நெருப்பு மூட்டி, ஒவ்வொன்றாகக் காய்ச்சினார்கள். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். ஹட்டன் வேன் வந்து நின்றது. மாமா நீல ஜெர்சியில் இறங்கினார். முடியை நகரத்துக்காரர்கள் மாதிரி வெட்டியிருந்தார். எங்கள் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார். இந்தப் பக்கத்தில் ஒரு கையும் அசையவில்லை. தூக்கிய கையால் தலையைக் கோதிக்கொண்டார். என்னைக் கண்டு வா என்று தலையசைத்தார். நான் அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் ஒளிந்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து மாமாவின் காலுக்கு வந்தது. அப்பா அடித்தார். பழைய அடி இல்லை. மெதுவாக, இழுத்து இழுத்து விழுகிற அடி. பிணத்தை எடுக்கும்போது அடிப்பது. மற்றத் தப்புக்காரர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். உடனே எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாத் தப்பும் சேர்ந்துகொண்டது. பந்து மாமாவிடம் வரும்போதெல்லாம் சாவு மேளம். அவர் பந்தைக் கொடுத்துவிட்டால் மேளம் நிற்கும்.

“முதலாளி, ஒரு ராத்தல் ஆணி போடுங்க” என்று ஒருவர் கத்தினார்.

“முட்டைய வச்சிட்டுப் போடா” என்றது அத்தையின் குரல்.

அந்த அடி செத்தவர்களுக்கு அடிப்பது என்று எனக்குத் தெரியும். உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிற ஆளுக்கு அதை அடிப்பது, எனக்கு நல்ல வேடிக்கையாகப் பட்டது. பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று “ஓடுகாலி, ஓடுகாலி” என்று கத்தினோம். எல்லோரையும்விட நான் பலமாகக் கத்தினேன். இனி அந்தப் பெயர் அவருக்கு, எனக்கில்லை என்று ஒரு நிம்மதி. என் குரல் மாமாவுக்குத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் பந்தை எங்கள் ஆள் தட்டிக்கொண்டு போய்விட்டான். என்னால்தான் பந்து போனது என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டாம் பாதியில் பனி இன்னும் அடர்ந்துவிட்டது. இடது ஓரத்தில் மாமாவுக்குப் பந்து கிடைத்தது. சாவு மேளம் தொடங்கியது. அவர் அந்தச் சரிவில் இறங்கினார். தோளை ஒரு பக்கம் சாய்த்து, பழையபடியே. இரண்டு பேர் சறுக்கி விழுந்தார்கள். எங்கள் கோல்கீப்பர் வெளியே ஓடி வந்தார். அவர் தலைக்கு மேலால் பந்து போய் வலைக்குள் விழுந்தது.

மேளம் நின்றுவிட்டது. இதே காலுக்கு எத்தனையோ முறை ஆர்ப்பரித்த கூட்டம், வாயை மூடிக்கொண்டு நின்றது. ஹட்டன் ஆட்கள் மாமாவைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தார்கள். அவர் அவர்களை விலக்கிவிட்டு நேராக எங்கள் பக்கம் நடந்து வந்தார். அப்பாவுக்கு முன்னால் நின்றார். முழங்கால் இரண்டும் சேறு.

“ஏன் மச்சான் நிறுத்திட்டீங்க?” என்றார். குரல் உயரவில்லை. “அடிங்க. பொணம் இன்னும் குழிக்குப் போகல.”

அப்பாவின் கையில் குச்சி இருந்தது. அது மேலே வரவில்லை.

மாமா ஆடத் தொடங்கினார். பாடைக்கு முன்னால் ஆடிக்கொண்டு போவார்களே, அந்த ஆட்டம். இடுப்பை வளைத்து, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, சுற்றிச் சுற்றி வந்து கால் வைத்தார். மேளமில்லை. சேற்றில் அவர் பூட்ஸ் விழுகிற சத்தம்தான். ஓரிருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா எங்களோடு சேர்ந்துவிட்டார், பழையபடி அப்பாவோடு விளையாடுகிறார். மேளமில்லாமல் ஆடுகிறாரே என்று நான் கை தட்டினேன். அப்பா அடித்த அதே அடியை. மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் கைத்தட்டுக்கு ஆடினார். நடுவர் வந்து தோளைத் தொடும் வரைக்கும் ஆடினார்.

அந்த ஒரு கோலில் ஹட்டன் டீம் வென்றது. ஆட்டம் முடிந்ததும் நான் வேனுக்கு ஓடி, அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். மாமா படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாமாவுக்குப் பசியில்லன்னு அக்காகிட்ட சொல்லு” என்றார். பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு, “நீ தாளம் தவறாம தட்டுனடி” என்று என் கன்னத்தைத் தட்டினார். கையெல்லாம் சேறு.

அதன்பிறகு மாமா தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் இரும்புக்கடையில் அவரைப் பார்த்துவிட்டு வருவாள். அவர் கல்யாணத்துக்கும் நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தார். அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். கிரவுண்டில் அவர் பிறகு தப்பைத் தொட்டதில்லை. கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாலும் தோள் வலி என்பார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு நான் அப்பாவுக்காகக் காத்திராமல் படிக்கட்டுகளில் தாவித் தாவி லயத்துக்கு ஓடினேன். நல்ல சேதியை முதலில் நான்தான் சொல்ல வேண்டும். அம்மா கறிச்சட்டியை இறக்கி மூடிவைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, பூப் போட்ட சேலை கட்டியிருந்தாள்.

“மாமாவும் அப்பாவும் பேசிட்டாங்கம்மா.”

“பேசுனாங்களா?” அம்மா எழுந்துவிட்டாள். “என்னடி பேசுனாங்க?”

“‘அடிங்க மச்சான்’னு மாமா சொன்னாரு. அப்புறம் அப்பாவுக்கு முன்னால ஆடுனாரு. நாந்தான் கை தட்டுனேன்.”

“ஆடுனானா? என்ன அடிக்கு ஆடுனான்?”

கறிச்சட்டியின் மூடியில் விரலால் அடித்துக் காட்டினேன். மூன்று அடி விழுவதற்குள் அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். சட்டி கொட்டிவிடும் என்றுதான் பிடித்தாள் என்று நினைத்தேன். பிடித்த கையை அவள் விடவேயில்லை. மாமாவுக்குப் பசியில்லையாம் என்றேன்.

அம்மா திரும்பி உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டாள். கோழியின் இரண்டு தொடைகளையும் என் தட்டிலேயே வைத்தாள். ஒன்று எப்போதும் மாமாவுக்குத்தான் போகும். இன்றைக்கு இரண்டும் எனக்கா என்று கேட்டேன். ம் என்றாள். மாமாவும் அப்பாவும் பேசிவிட்டார்கள், இரண்டு தொடையும் கிடைத்துவிட்டது, இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை வரவே போவதில்லை என்று நினைத்துக்கொண்டு, எலும்பைக் கூட விடாமல் சாப்பிட்டேன்.