கருநாக்குக்காரியின் கணிப்பு

எங்கள் வீட்டில் என் வாய்க்கு ஒரு பட்டம் உண்டு: கருநாக்கு. நான் கெட்டதாக எதைச் சொன்னாலும் பலித்துவிடும் என்று முதலில் கண்டுபிடித்தது அத்தை, அப்பாவின் அக்கா. அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். போன வருடம் ஒரு பைக் ரேஸுக்கு முந்தின நாள், "இந்தத் தடவை நீ விழுவ" என்று தங்கையிடம் சொன்னேன். விழுந்தாள். காறை எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். அவ்வளவுதான், பழி என் நாக்கின் மேல் விழுந்தது. அம்மா தங்கைக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே கரிசல் பாதையில் அப்பாவின் மொபெட்டை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்த தங்கை, கோயமுத்தூருக்குப் படிக்கப் போன இடத்தில் ரேஸ் பழகி, பெண்கள் பிரிவில் ஒரு டீமுக்காக ஓட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். நான் திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகலுக்கும் பயிர் இன்சூரன்ஸுக்கும் ஆள் வராத நேரத்தில் அவளுடைய ரேஸ்களைக் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். எந்த வளைவில் யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், யாருடைய டயர் எப்போது தேய ஆரம்பிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. கண் பார்த்ததைத்தான் வாய் சொன்னது. அதைப் போய் நாக்கின் குற்றம் என்றால் எரிச்சல் வராதா? "ரெண்டாவது வருவ" என்று சொன்னேன், வந்தாள். "இன்னிக்கு நாலாவதுதான்" என்றேன், அதுவும் நடந்தது. அதற்கெல்லாம் யாரும் என் நாக்கைப் பாராட்டியதாக நினைவில்லை.

கருநாக்கை நம்பாத ஒரே ஆள் தங்கைதான். தோளில் கட்டோடு படுத்திருந்தபோதே, "அக்கா, எப்படி அவ்வளவு சரியாச் சொன்ன?" என்று கேட்டவள் அவள். ஒவ்வொரு ரேஸுக்கும் முந்தின நாள் போன் செய்து, "அக்கா, சொல்லு" என்பாள். நான் மறைக்காமல் சொல்வேன். அதை வைத்துக்கொண்டு அவள் தன் ஓட்டத்தைத் திருத்துவாள். எங்களுக்குள் அது ஒரு வழக்கமாகிப் போயிருந்தது.

இந்த வருடத்தின் கடைசி ரேஸ் சென்னைக்கு வெளியே இருக்கும் ட்ராக்கில் நடந்தது. டீமில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த வருடமும் பைக் அவளுக்கு. இல்லையென்றால் புதிதாகச் சேர்ந்த வேறொரு பெண்ணுக்கு. டீமின் பைக்கை விட்டால் அவளுக்கு ரேஸே இல்லை. சொந்தமாக ரேஸ் பைக் வாங்கிக் கொடுக்கிற வீடு இல்லை எங்களுடையது.

சனிக்கிழமை பயிற்சி ஓட்டத்தின்போது அங்கே மழை. அந்த வீடியோவைக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி வளைவு முடிகிற இடத்தில், தார் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த ஒரு பட்டை இருக்கும். தங்கை வளைந்து வெளியே வரும்போது அதன் மேல் ஏறிப் போவாள். காய்ந்த நாளில் அவளுக்கு வேகம் கிடைப்பதே அங்கேதான். ஆனால் ஈரமான பெயின்ட், சோப்புத் தண்ணீர் ஊற்றிய சிமெண்டுத் தரை மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் அவள் பின் சக்கரம் அங்கே ஒரு முறை உதறியது. ஒவ்வொரு முறையும் எப்படியோ பிடித்துக்கொண்டாள். ரேஸை மூன்றாம் இடத்திலிருந்து தொடங்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அங்கே மழை என்று வானிலைச் செய்தி சொன்னது. பின்னால் அத்தனை வண்டிகள் வந்துகொண்டிருக்கும். தோளில் இன்னும் தகடு இருக்கிறது. மழை பெய்தால் இவள் அங்கே விழுவாள். எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது போனை அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இந்தா பாரு, நல்லதா ஒரு வார்த்த சொல்லு. இல்லையா, வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

"அக்கா, சொல்லு."

அம்மா என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவும் அப்படியே நின்றுவிட்டார்.

"மூணுக்குள்ள வருவ" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரிக்கா."

அம்மாவுக்கு அவ்வளவு திருப்தி. கேட்காமலே எனக்கு இன்னொரு தோசை வைத்தார். அதைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன். மாடிக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. ரேஸுக்கு முந்தின நாள் ராத்திரியே போனை டீமிடம் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் ஒரு நிமிடம் வாங்கிப் பார்த்தால் உண்டு, அதுவும் நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். "இந்தா பாரு, நேத்து சொன்னது அம்மாவுக்காகச் சொன்னது. மழை பெஞ்சா கடைசி வளைவுல அந்தப் பட்டை மேல ஏறாத. ஏறுனா விழுவ. எனக்குச் சந்தேகமே இல்ல." ஒரு டிக் விழுந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்வரை அது ஒற்றை டிக்காகவே இருந்தது. ஷேர் ஆட்டோவில் திருச்சுழி வந்து இறங்கியபோதும் அப்படியேதான் இருந்தது.

வீட்டில் நேரலை ஓடும் அளவுக்குச் சிக்னல் கிடைக்காது என்பதால் மூன்று பேரும் கடைக்கே வந்துவிட்டோம். தாலுகா ஆபீஸ் பூட்டியிருந்தது, தெருவில் ஆள் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தோம். நேரலை தொடங்கியதும் திரையில் முதலில் தெரிந்ததே குடைகள்தான்.

"மழையா?" என்றார் அப்பா. குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. பாவம், புழுதியில் பருத்தி விதைத்துவிட்டு வாரக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர். எங்கே பெய்தாலும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

ரேஸைத் தொடங்கும் சிவப்பு விளக்கு அணைந்ததும் வண்டிகள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு பாய்ந்தன. தங்கை மூன்றாவதாகவே போனாள். கடைசி வளைவு வரும்போது என் கை தானாக மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவள் வளைந்தாள், வெளியே வந்தாள். பட்டைக்கு ஒரு முழம் உள்ளேயே திரும்பிவிட்டாள்.

செய்தியைக் கேட்டிருக்கிறாளா, இல்லை தற்செயலா? போனைப் பார்த்தேன். இரண்டு டிக்.

இரண்டாவது சுற்றிலும் ஏறவில்லை. மூன்றாவது சுற்றில் முன்னால் போன ஒரு பெண் அதே பட்டையில் சறுக்கி, வண்டி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் போனாள். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தார். விழுந்த பெண் எழுந்து நடந்தாள். தங்கை இப்போது இரண்டாவது. நான் மூச்சு விட்ட விதம் அம்மாவுக்கு எதையோ சொல்லிவிட்டது போலிருக்கிறது.

"ஏண்டி, ஒனக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. அவகிட்ட என்ன சொன்ன?"

"அந்த எடத்துல விழுவன்னு சொன்னேன். காலையில மெசேஜ் போட்டேன்."

அம்மா கையை எடுத்துவிட்டார். "சொல்லிட்டியா?" என்றார், அவ்வளவு மெதுவாக. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதற்குமேல் திரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுற்று முடியும்போதும், "நிக்கிறாளா?" என்று மட்டும் கேட்டார். "நிக்கிறா" என்று அப்பா சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர், "பட்டா நகல் எடுக்கணும்" என்றார். "இன்னிக்கு லீவு" என்றேன். "ஆளுக உள்ளதான இருக்கீக?" என்றார். நான் கத்தியிருப்பேன், அப்பா எழுந்துபோய் அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார்.

பட்டையில் ஏறாததால் ஒவ்வொரு சுற்றிலும் தங்கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தி முந்தினாள். தங்கை மூன்றாவது. பின்னால் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் நெருங்கி வந்தாள். மழை விடவில்லை. கடைசிச் சுற்றில் இருவரும் ஒட்டிக்கொண்டே அந்த வளைவுக்கு வந்தார்கள். ஏறாதே, ஏறாதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். முடிவுக் கோட்டைத் தொட இன்னும் கொஞ்ச தூரம்தான். தங்கை பட்டைக்கு உள்ளேயே திரும்பினாள். மஞ்சள் ஹெல்மெட் பட்டையின் மேல் ஏறியது. பின் சக்கரம் ஒரு முறை உதறியது, நிமிர்ந்தது, பாய்ந்து போனது.

தங்கை நான்காவது.

"நிக்கிறாளா?" என்றார் அம்மா.

"நிக்கிறா. முடிஞ்சுபோச்சு."

அம்மா திரும்பி என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்கினார். "பலிக்கலடி! ஒன் நாக்கு நல்ல நாக்குதான்டி. அத்தைக்குப் போன் போடணும்" என்றார். எத்தனையாவது இடம் என்று அவர் கேட்கவேயில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

தங்கை கூப்பிட்டபோது போனை எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு வெளியே வந்தேன்.

"அடி எதுவும் இல்லையே?"

"இல்லக்கா."

"மெசேஜக் கேட்டியா?"

"ஹெல்மெட் மாட்டுறதுக்கு முன்னாடி கேட்டேன். அந்தப் பிள்ள பட்டை மேல ஏறிப் போச்சு. பாத்தியா?"

"பாத்தேன்."

"விழலயே."

விளக்கினேன். அந்தப் பெண் வண்டியை நிமிர்த்திவிட்டு ஏறினாள், நீ சாய்ந்தபடியே ஏறுகிறவள், உனக்கு வழுக்கியிருக்கும் என்றேன். சனிக்கிழமை சக்கரம் உதறியதைச் சொன்னேன். அதில் விழுந்த இன்னொரு பெண்ணையும் சாட்சிக்கு இழுத்தேன். நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவள் விழுந்திருந்தால்தான் அதை நிரூபிக்க முடியும். அடிபடாமல் முழுசாக நின்று பேசிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் நான் எதைக் காட்டுவது?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கை, "பைக்க அந்தப் புதுப் பிள்ளைகிட்டக் கொடுத்துட்டாக" என்றாள்.

நான் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நெசமாவே நான் விழுவேன்னு நெனச்சியா?"

"ஆமா."

"நான் நெனைக்கல. ரேஸு முழுக்க ஒரு தடவகூட எனக்கு அந்தப் பயம் வரல. நீ சொல்லிட்டியேன்னுதான் ஏறல."