வந்தவரும் வரவேண்டியவரும்

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் முதலாளி என்னைப் பார்த்து, "தாவீது, மாடிப்படி இருட்டாக இருக்கிறது" என்பார். விளக்கை ஏற்று என்று மட்டும் சொல்ல மாட்டார். ரங்கூனுக்கு வந்த புதிதில், "ஆமாம் ஐயா, நன்றாகவே இருட்டிவிட்டது" என்று பணிவாக ஒத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அந்த வீட்டுப் பெரியம்மா சுவரைத் தடவிக்கொண்டே படி இறங்கினாராம். மறுநாள் சமையல்காரர் என்னைப் பிடித்து உலுக்கி விஷயத்தைச் சொன்னார். வெள்ளி மாலை ஓய்வுநாள் பிறந்துவிட்டால், யூதர்களான அவர்கள் நெருப்பைத் தொடக்கூடாது, தொடச் சொல்லி இன்னொருவனை ஏவவும் கூடாது. இருட்டு என்று சொன்னால் கேட்கிறவன் தானாகவே புரிந்துகொள்ள வேண்டும். வாய்விட்டுக் கேட்டாலே பாதி காது கேட்காத ஊரிலிருந்து வந்தவன் நான். இந்தப் பாஷை பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், யூதர் என்றால் வேதபுத்தகத்தோடு முடிந்துபோன ஜனம் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் திட்டு வாங்குவதற்கென்றே இருந்தவர்கள் மொகல் தெருவில் பீங்கான் கடை வைத்திருப்பார்கள் என்று யார் கண்டது? வேலை தேடி அலைந்தபோது, அந்தக் கடை முதலாளியின் பெயர் சாலமோன் என்றார்கள். நம் சாக்கோட்டைப் பக்கம் சாலமோன் என்று ஒருவன் இருந்தால் அவன் வேதக்காரனாகத்தானே இருப்பான்? "ஸ்தோத்திரம் ஐயா, நானும் கிறிஸ்தவன்தான்" என்று பல்லெல்லாம் தெரியப் போய் நின்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் பெயரைக் கேட்டார். தாவீது என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். கருப்பன் என்றிருந்த பெயரை எங்கள் ஊர் வேதக்கோயில் உபதேசியார் மாற்றி வைத்த கதையைக் கடைவீதி இந்துஸ்தானியில் திக்கித் திணறிச் சொன்னேன். "மேசியா தாவீதின் வம்சத்தில்தான் பிறக்க வேண்டும். நாங்கள் வெகுகாலமாகக் காத்திருக்கிறோம். நீயாவது சீக்கிரம் கல்யாணம் செய்துகொள்" என்றார். அன்றைக்கே சரக்கறையில் வேலை கொடுத்தார்.

வைக்கோலைப் பிரித்துப் பீங்கான் தட்டுகளை எடுத்து அடுக்குகிற வேலை. முதலாளியும் பக்கத்தில் நின்று உடைசல் பார்ப்பார். அப்போதெல்லாம் எங்களுக்குள் இதே பேச்சுத்தான். அவருக்கு மேசியா என்றால் ஒரு மனிதர், ராஜா, தாவீதின் பிள்ளை. அவர் வந்தால் சண்டை ஓய வேண்டும், சிதறிக் கிடக்கிற அவர்கள் ஜனம் வீடு திரும்ப வேண்டும், நீதி நிலைக்க வேண்டும். இதெல்லாம் நடக்கவில்லை, ஆகையால் அவர் வரவில்லை. கணக்கு முடிந்தது. நான் விடுவேனா? அவர் வந்தார், நம் பாவத்துக்காக அடிபட்டுச் செத்தார், எழுந்தார், மறுபடி வருவார் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் கொட்டினேன். ஏசாயா தீர்க்கதரிசி சொன்ன பாடுபடும் தாசன் அவர்தானே என்று கேட்டேன். "அந்த அடி எல்லாம் நாங்கள் பட்டது. எங்கள் ஜனத்தைத்தான் அவர் ஒரு ஆளாக வைத்துச் சொன்னார்" என்றார் முதலாளி. கடவுள் மனிதனாகப் பிறப்பார் என்பதை மட்டும் அவரால் காதால் கேட்கவே முடியவில்லை. கூத்தில் அவதாரக் கதை பார்த்து வளர்ந்த எனக்கோ அதில் ஒரு சிரமமும் இல்லை. இத்தனை காலம் வராத ஒருவருக்காக ஒரு ஜனம் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

என் ஆத்தாளுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. அவள் வேதத்தில் சேர்ந்தது ஒரு குழிக்காக. எங்கள் சேரிக்கு இடுகாடு கண்மாய்க் கரைக்குக் கீழே. என் அப்பன் செத்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது, கண்மாய் உடைந்தது, தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் அப்பன் கிடந்த இடத்தில் வெறும் மணல். ஆத்தா அந்த மணலில் உட்கார்ந்து கையால் துழாவியதை நான் கூட நின்று பார்த்தேன். அடுத்த கோடையில் ஞானமுத்து உபதேசியார் சேரிக்கு வந்தார். அவரும் நம்மவர்தான், பக்கத்து ஊர்ச் சேரியில் பிறந்தவர், எங்கள் வீட்டில் கஞ்சி வாங்கிக் குடிப்பார். மேசியா திரும்ப வருகிற நாளில் செத்தவர்கள் எல்லோரும் எழுந்திருப்பார்கள் என்று அவர் சொன்னதும் ஆத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்களையும் சேத்துத்தான் எழுப்புவாகளா?"

"அவரு கண்ணுக்கு ஊராளு, சேரியாளு எல்லாம் ஒண்ணுதான் தாயி" என்றார் உபதேசியார். கையோடு அவளை வேதக்கோயில் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் புங்கமரத்தடியில் குடைக்கம்பியால் ஒரு கோடு கிழித்தார். "இது ஒனக்கு. எந்தத் தண்ணியும் இங்க வராது." அந்த வாரமே நாங்கள் ஞானஸ்நானம் வாங்கினோம். குலசாமியை விட்டதற்காகப் பங்காளிகள் பேச்சை நிறுத்தினார்கள். ஆத்தா அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. கோயிலைக் கூட்டப் போகிறவள், கடைசியில் அந்தப் புங்கமரத்தடியையும் கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

இதைத்தான் நான் ரங்கூனில் என் துருப்புச்சீட்டாக வைத்திருந்தேன். ஒருநாள் முதலாளி, "வந்தார் வந்தார் என்கிறாயே, வந்ததற்கு என்ன அடையாளம்? உலகம் அப்படியேதானே கிடக்கிறது?" என்று மடக்கினார். "உலகம் எனக்குத் தெரியாது ஐயா. எங்கள் ஊரில் வந்துவிட்டார்" என்றேன். ஊர்த்தெருவில் நாங்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாதது, ஊர்க்கிணற்றில் வாளி விட முடியாதது எல்லாம் சொன்னேன். அப்படிப்பட்ட ஊரில், அதிலும் செத்த பிறகும் தள்ளிப் படுக்க வைக்கிற ஊரில், என் ஆத்தாளுக்கு, யாரையும் தள்ளி வைக்காத ஒரு தோட்டத்தில் ஓர் இடம் குறித்து வைத்திருக்கிறது, மேசியா வராமல் இது நடக்குமா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டார். "நிஜமாகவா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகும் சில தடவை, வேறு ஏதோ பேச்சின் நடுவே, அந்தப் புங்கமரத்தைப் பற்றி விசாரித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆத்தா இறந்த செய்தியை நேமத்தான்பட்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். செட்டியார் கடையில் வேலைக்கு வந்து இறங்கியவர். "ஒங்க ஆத்தா தவறிட்டாகளாம்ப்பா" என்றார். ஊரில் என்றால் அவர் வாயில் 'செத்துப்போச்சு' என்றுதான் வந்திருக்கும். கடல் தாண்டினால் ஆத்தாளுக்கும் ஒரு மரியாதை கிடைக்கிறது. முதலாளி விடுப்புத் தந்தார். கப்பலும் ரயிலும் மாட்டுவண்டியுமாக ஊர் போய்ச் சேர்ந்தேன். காரைக்குடியைத் தாண்டும்போது வழியெல்லாம் புதிது புதிதாகப் பெரிய வீடுகள். எல்லாவற்றிலும் பர்மாத் தேக்கில் தூண்கள். பர்மாவிலிருந்து வந்த மரம் ஊருக்கு நடுவே போய் நிற்கிறது. பர்மாவிலிருந்து வந்த நான் ஊரைச் சுற்றிக்கொண்டு வெளிப்பாதையில் போனேன்.

நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனேன். புங்கமரத்தடியில் புதிதாகக் காரை பூசிய கல்லறை ஒன்று இருந்தது. யாரோ ஊர்க்காரர் பெயர், ஆத்தாளுக்குப் பிறகு செத்தவர். வரிசை வரிசையாகத் தேடினேன். சின்னாத்தா, என் ஆத்தாளின் தங்கை, வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தாள். வெளியே நின்றுகொண்டு, "அங்குட்டு இல்லப்பா, இங்குட்டு வா" என்று கூப்பிட்டாள். திறந்து கிடந்த வாசலில் அவசரமாக நுழைந்தபோது கண்ணில் படாத செம்புராங்கல் சுவரை அப்போதுதான் கவனித்தேன். நான் ஊரை விட்டுப் போகும்போது அது இல்லை. சுவருக்கு வெளியே கருவேல முள்ளுக்கு நடுவில் ஒரு மண்மேடு, அதில் இரண்டு குச்சியைக் கயிற்றால் கட்டி நட்டிருந்தார்கள்.

"வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். கதவு பூட்டிக் கெடந்துச்சு. உபதேசியாரு உள்ள நின்னுக்கிட்டு, சாவி என்கிட்ட இல்லன்னாரு. வெயில் ஏறிக்கிட்டே இருந்துச்சு. எம்புட்டு நேரம் போட்டு வைக்க? இங்கனயே தோண்டிட்டோம்" என்றாள் சின்னாத்தா.

"செபம் பண்ணலையா?"

"பண்ணாரு. செவருக்கு அங்குட்டு நின்னுக்கிட்டே பண்ணாரு. பாதி காதுல விழுகல."

உபதேசியார் கோயிலுக்குள் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு, "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். சின்ன வயதில் 'வாடா தாவீது' என்றவர். என் ரங்கூன் கோட்டுக்குக் கிடைத்த மரியாதை அது. நான் உட்காரவில்லை.

"நீங்க கோடு போட்ட எடம் எங்கய்யா?"

"அது அப்பச் சொன்னது தம்பி. அப்ப கோயில்ல நம்மாளுக மட்டுந்தான். பொறகு ஊர்க்காரக நாலு குடும்பம் வந்தாக. செவரு வைக்காட்டி வரமாட்டோம்னாக. மிசன் தொரையும், ஆத்துமாக்கள் வர்றப்ப கொஞ்சம் விட்டுக்குடுங்கன்னுட்டாரு."

"யாரு எடத்த யாரு விட்டுக்குடுக்குறது? எங்காத்தாகிட்டச் சொன்னீகளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லல. தெனமும் வந்து கூட்டிக்கிட்டு இருந்துச்சு. எப்படிச் சொல்ல? எல்லாம் மண்ணுதான தம்பி. அவரு வர்ற நாள்ல இந்தச் செவரா நிக்கப்போகுது?"

"அன்னைக்கு நிக்காத செவரு இன்னைக்கு எதுக்குய்யா நிக்கணும்?"

"நீங்க ரங்கூனுக்குப் போயிருவீக. நான் இங்க இருந்து பொழைக்கணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஊர்க்காரர் தள்ளி வைத்தால் அது பழகின அடி. அவர்கள் எந்தக் காலத்தில் எங்களுக்குச் சத்தியம் செய்தார்கள்? இவர் எங்கள் கஞ்சியைக் குடித்தார், என் பெயரை மாற்றினார், குலசாமியை விடச் சொன்னார், கோடு போட்டுக் காட்டினார். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார். அந்தப் புங்கமரத்தடியை ஆத்தா கடைசி நாள்வரை யாருக்காகக் கூட்டினாள்?

ரங்கூன் திரும்பிய மறுநாள் மத்தியானம், ஒருநாளும் என் அறைப்பக்கம் வராத முதலாளி கதவைத் தட்டினார். கையில் ரொட்டியும் அவித்த முட்டையும். சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு யாராவது முட்டை கொண்டு வருவார்களா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாயிலிருந்து எழப்போனவனைக் கையமர்த்திவிட்டு, ஒரு சரக்குப் பெட்டியை இழுத்துப் போட்டு அதில் குறுகி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை. நம் பக்கம் துட்டி கேட்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு வருவார்கள், வந்ததும் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், செத்தவரைப் பற்றி ஆயிரம் சொல்வார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பேசாமல் வேலைக்காரன் முந்திப் பேசக்கூடாது என்பது என் வளர்ப்பு. துக்கக்காரனுக்கு முட்டை கொண்டுவருவதும், அவன் பேசாமல் வந்தவன் முந்திப் பேசக்கூடாது என்பதும் அவர்கள் முறையாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால் அவர் எனக்காகவும் நான் அவருக்காகவும் வெகுநேரம் காத்துக்கொண்டிருந்தோம். விஷயத்தை எப்படியோ தெரிந்துகொண்டு, ஜெயித்ததைச் சொல்லிக்காட்ட நேரம் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆத்திரம் பொங்கிவிட்டது.

"சொல்லுங்கள் ஐயா. அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள்!" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டுப் போனார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. சுவரையும் பூட்டிய கதவையும் காதில் விழாத செபத்தையும் நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் ஜெயித்தவராகத் தெரியவில்லை.

"உன் ஊரைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தேன்" என்றார். "பஸ்காப் பண்டிகைப் பந்தியில் பிள்ளைகளிடம்கூடச் சொன்னேன். மேசியா உங்கள் ஆள்தான் என்று ஒத்துக்கொண்டு அல்ல. ஆனாலும் எங்கோ ஒரு சின்ன ஊரில் இப்படி நடக்கிறது என்றால், வருகிறவர் வழியில் எங்காவது நடந்து வந்துகொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்." முட்டையை உரித்து என் கையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இங்கே இருக்கிற நம் ஆட்கள் ஊருக்கு எப்போது என்று கேட்கிறார்கள். எந்த ஊருக்கு என்று சொல்வது? யூதனாகலாம் என்றால் அவர்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாதவர் என் அறைக்கு வந்து பெட்டியில் குறுகி உட்கார்ந்தார். கூப்பிட்டவர்கள் என் ஆத்தாளைச் சுவருக்கு வெளியே போட்டார்கள். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் கால் தமிழர் ஆலயத்துக்குத்தான் போகிறது, ஆத்தா கும்பிட்ட சாமி வேறு எங்கே இருக்கிறது? எல்லோரும் எழுந்து விசுவாசப் பிரமாணம் சொல்கிறார்கள். அவர் பிறந்தார், பாடுபட்டார் என்ற இடங்களில் என் வாய் மூடிக்கொள்கிறது. செத்தவர்களுக்கும் நியாயம் தீர்க்க வருவார் என்கிற இடம் வந்ததும் நானும் சேர்ந்துகொள்கிறேன். அங்கே என்னையறியாமல் குரல் உயர்ந்துவிடுகிறது போலும், முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.