மூன்றாம் நடைக்கு ஒரு கோரிக்கை

இங்கே எழுதப்போவன யாவும் நான் கண்டவை, கேட்டவை, அல்லது இப்போது என் மேசைமேல் தாளாகக் கிடப்பவை. இந்த வரம்பை நானே வகுத்துக்கொண்டேன். இச்செய்தியைப் பல ஆண்டுகளாக உறவினரிடம் சொல்லிவருகிறேன். சொல்லுந்தோறும் அது சற்றே அழகு கூடிவந்தது. சென்ற முறை சொன்னபோது அதில் மேளம்கூட வந்துவிட்டது. மேளம் எதுவும் வரவில்லை. நான்தான் சேர்த்தேன். பிள்ளைகள் கட்டுரையில் இல்லாததைச் சேர்த்தால் சுழித்துக் காட்டியவள் என் கதையில் அதைச் செய்யலாகாது.

மேசைமேல் இருப்பவை இரண்டு: நான் எழுதிய மனுவின் படி ஒன்று, செய்தித்தாளிலிருந்து கிழித்த துண்டு ஒன்று. துண்டில் நாள் குறித்த பகுதி இல்லை. ஆகவே ஆண்டைச் சொல்லமாட்டேன். எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய காலம் என்பது மட்டும் உறுதி.

அந்நாளில் நான் இராசபாளையத்தில் குடியிருந்து, திருவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்துவந்தேன். என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். மணமாகி இரண்டாம் ஆண்டு. அவருக்கு ஒரு நாள் வேலை, மறுநாள் ஓய்வு. வேலைநாளில் விடியுமுன் புறப்பட்டு ஊர் உறங்கியபின் திரும்புவார்; ஓய்வுநாளில் நான் பள்ளிக்குப் போய்விடுவேன். மாலையில் அவர் வீட்டில் இருந்தாலும், அவருடைய பெற்றோரும் தம்பியர் இருவரும் இரண்டே அறைகளில் எங்களோடு இருந்தார்கள். பிறர் காதுபடக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது அவ்வீட்டில் வழக்கமில்லை.

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்கு நேர்ச்சாலையில் அடுத்தடுத்துப் பேருந்துகள் உண்டு. அவருடைய வேலைநாளில் நான் அவற்றில் ஏறுவதில்லை. அவர் பேருந்தின் மூன்றாம் நடை, காலையில் மம்சாபுரம் சுற்றிச் செல்லும். பேருந்து ஒருமுறை சென்றுசேர்வதை நடை என்பது அத்துறையினர் வழக்கு, நல்ல சொல். சுற்றுவழியாதலால் நேரம் கூடும். கூடிய அந்நேரத்துக்காகவே நான் அதில் ஏறினேன். அவரை நான் பார்த்துக்கொண்டிருக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

"எங்கம்மா?" என்பார், முன்பின் அறியாதவரைப்போல.

"திருவில்லிபுத்தூர் ஒன்று."

"அப்படி ஒரு ஸ்டாப்பே கெடையாதே. ஸ்ரீவில்லிபுத்தூர்தான் இருக்கு. அதுல எறங்கிக்கிடுதியளா?"

நான் சிரிக்காமல் காசை நீட்டுவேன். அவர் சிரிக்காமல் சீட்டைக் கிழித்து, இரண்டாக மடித்துத் தருவார். மற்றவருக்கு மடிப்பதில்லை. மம்சாபுரத்தில் கொய்யாக் கூடையோடு ஏறும் ஓர் அம்மாள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கண்டக்டரே, டீச்சருக்கு மட்டும் டிக்கெட்ட மடிச்சு மடிச்சுக் குடுக்கியளே, உள்ள என்ன கடுதாசியா வச்சிருக்கிய?"

"ஒங்க கூடைக்கும் ஒண்ணு கிழிக்கேன். அதையும் மடிச்சே தாரேன்."

"கூடை என்ன, சீட்டுலயா உக்காந்திருக்கு?"

பேருந்து முழுதும் சிரிக்கும். நான் சன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

ஒருநாள் மடிப்பினுள் உண்மையாகவே எழுத்து இருந்தது. நீலப் பென்சிலால், சீட்டின் பின்புறம்: "மூணாம் நடை மாசக் கடைசியோட கட். எனக்கு இனி தேவதானம்." தேவதானம் இராசபாளையத்துக்குத் தெற்கே, என் பள்ளி வடக்கே.

காரணத்தைப் பிறகு அவரிடமே கேட்டறிந்தேன். பள்ளிப்பிள்ளைகள் சலுகைச் சீட்டில் வருவார்கள். அவர்கள் கொடாத கட்டணத்தை அரசு பின்னர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுசெய்ய வேண்டும். அவ்வாண்டு அத்தொகை வந்துசேரவில்லை என்றும், ஆதலால் நட்டத்தில் ஓடும் நடைகளைக் குறைக்க ஆணை வந்திருக்கிறது என்றும் பணிமனையில் சொன்னார்களாம். மூன்றாம் நடையில் பாதிக்குமேல் பிள்ளைகள். பேருந்து நிறைந்திருக்கும், ஏட்டில் அது நட்டம். இனி அது நேர்ச்சாலையில் வேறு நடத்துநரோடு செல்லும்.

செய்தி மம்சாபுரத்துக்கும் எட்டியது. கொய்யாக்கார அம்மாள் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"டீச்சர், நீங்க ஒரு மனு எழுதுங்க. நாங்க கைநாட்டு வைக்கோம். பிள்ளைய ரோட்டுக்கு நடந்து போயி, பொறவு பஸ்ஸப் புடிச்சு, எம்புட்டு நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போவும்?"

மூன்று நாள் எழுதினேன். எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் வருகிறார்கள், எவ்விடத்தில் ஏறுகிறார்கள் என்று கேட்டறிந்து, உறுதியானவற்றை மட்டும் எழுதினேன். அயற்சொல் ஒன்றும் புகவிடவில்லை. தலைப்பு, 'வேண்டுகோள்'. அடுத்த நடையில் அதை எல்லாருக்கும் படித்துக்காட்டினேன்.

"வேண்டுகோளா? அது சாமிக்கு வைக்கதுல்லா," என்றாள் அம்மாள். "கோரிக்கைன்னு போடுங்க. அப்பத்தான் கவருமெண்டுக்கு ஒறைக்கும்."

"மற்றவையெல்லாம் விளங்கினவா?"

"ஒண்ணும் வெளங்கல, டீச்சர். ஆனா வெளங்காம இருந்தாத்தான ஆபீசுல மதிப்பாவ."

கோரிக்கை என்று திருத்தினேன். அச்சொல் என்னை உறுத்திற்று. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகள் பல. அவர்கள் பேச்சில் 'கோரிக்க' என்றால் ஆசை. அன்று மாலை தலைப்பைப் பார்த்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தேன். ஊராருக்குரிய காரணங்கள் அதில் நிரலாக இருந்தன, எல்லாம் மெய். என்னுடைய காரணம் ஒரு வரியிலும் இல்லை. அதனால் நான் ஒப்பமிடவில்லை. மற்றெல்லாரும் கையெழுத்தும் பெருவிரலும் பதித்தார்கள்.

மனு பணிமனைக்குப் போயிற்று. மறுமொழி இல்லை. மாதக் கடைசி நெருங்கிற்று.

ஒரு சனிக்கிழமை. மம்சாபுர நிறுத்தத்தில் கொய்யாக்கார அம்மாள் கூடையை ஏற்றுமுன்பே கூவினாள்:

"ஏட்டி, கேட்டியளா! நம்ம கோரிக்கை சட்டசபையில நெறவேறிட்டு!"

இடுப்பில் செருகியிருந்த செய்தித்தாள் துண்டை எடுத்து ஒரு மாணவியிடம் தந்தாள். அவள் உரக்கப் படித்தாள்: "போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கை நிறைவேறியது." அவ்வரியின் கீழ் நீலக் கோடு இட்டிருந்தது.

அதன் பொருளை நான் அறிவேன். ஒவ்வொரு துறையும் ஆண்டுச் செலவுக்குரிய தொகையைச் சட்டமன்றத்திடம் கேட்கும், மன்றம் இசையும். அக்கேட்புக்கு மானியக் கோரிக்கை என்று பெயர். ஆண்டுதோறும் நிகழும் வழக்கம். மம்சாபுரத்துக்கோ மூன்றாம் நடைக்கோ அதில் ஒரு சொல்லும் இராது. பெண்களோ ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கொய்யா கை மாறிற்று.

நான் எழுந்தேன். சொல்லின் பொருளைத் திரிய விடுவது என் தொழிலுக்கு அடாது. "அம்மா, அது நம் கோரிக்கை..." என்று தொடங்கினேன்.

நிறுத்தம் இல்லாத இடத்தில் ஊதல் நீள ஒலித்தது.

"டிக்கெட், டிக்கெட்! பேச்செல்லாம் பொறவு வச்சுக்கிடலாம். டீச்சர், நடுவுல நிக்காதிய, உக்காருங்க!"

அவர் என்னைப் பார்த்தார். அப்பேருந்தில் அதுவரை அவர் ஒரு கணவராக என்னைப் பார்த்ததில்லை. நான் உட்கார்ந்தேன். பிழையென்று தெரிந்தும் திருத்தாமல் விட்டது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

அன்று பிற்பகல் அப்பெண்கள் நன்றி சொல்ல இராசபாளையம் பணிமனைக்குச் சென்றார்கள். பள்ளி அரைநாள், நானும் சென்று, கிளை மேலாளரின் அறைவாசலில் நின்றேன். ஆகவே பின்வருவது நான் கண்டது. அவர் எழுமுன் கழுத்தில் மாலை விழுந்தது. மேசைமேல் கூடை ஏறிற்று.

"என்னம்மா இதெல்லாம்?"

"சட்டசபையிலயே சொல்லிட்டாவளே, ஐயா, பஸ்ஸ நிறுத்தப்பிடாதுன்னு! நீங்க மேல எழுதப்போயித்தான அவியளுக்கே தெரிஞ்சுது."

அவர் எழுதியிருக்கவில்லை. துண்டை வாங்கிப் படித்தார். சிரிப்பு உதடுவரை வந்தது. பெண்களின் முகங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மாலையைக் கழற்றக் கையை உயர்த்தியவர், கழற்றாமலே இறக்கினார்.

"செத்த நேரம் இருங்க," என்று எழுத்தரை அழைத்து மனுவைக் கேட்டார். அது ஒரு கட்டுக்கு அடியிலிருந்து வந்தது. முதல் வரியைப் படித்து நிமிர்ந்தார். "திருவில்லிபுத்தூரா? யாரு எழுதுனது இது?"

ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. முன்பே பேசிவைத்துக்கொண்டார்கள் போலும்.

"சரி. மேல எழுதுதேன். பதில் வாரவரைக்கும் பஸ்ஸு பழையபடியே ஓடும்."

"அதான் சட்டசபையிலயே சொல்லியாச்சே. இனி என்னத்த எழுதணும்?"

அவர் பேனாவை எடுத்தார். "சட்டசபை சொன்னாலும் நாமளும் எழுதணும்மா."

மேலாளர் சொன்னபடியே பேருந்து ஓடிற்று. திங்கட்கிழமை காலை நான் ஏறினேன்.

"எங்கம்மா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்று," என்றேன். அவர் திடுக்கிட்டதை நான் கண்டேன். சீட்டு மடித்தபடி வந்தது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாங்கள் திருவில்லிபுத்தூருக்கே குடிபெயரும்வரை அந்த நடை நின்றதில்லை. குடிபெயர்ந்த நாளில் அம்மாள் துண்டை என்னிடம் தந்தாள். "நம்ம ஜெயிச்ச கோரிக்கை. பத்திரமா வைங்க." யார் கொடுத்தது என்று கேட்டேன். கொய்யா பொதிய வாங்கிய பழைய தாளில் இருந்தது என்றாள், பிறகு சிரித்தாள்.

துண்டைப் பிடித்துக்கொண்டு இன்று காலைகூட அடுத்த அறைக்குப் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "இந்தக் கோடு நீங்கள் போட்டதுதானே?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சில்லறை இல்லம்மா. எறங்கும்போது வாங்கிக்கிடுங்க."

நீலப் பென்சில் அவரிடம் இருந்தது. கட்டுரை ஏடு திருத்த என்னிடமும் இருந்தது. அவர் என்னிடம் எடுத்ததாகவும் இருக்கலாம். ஊரில் வேறு பலரிடமும் இருந்திருக்கும். ஒரு கோட்டைக் கொண்டு கையை அடையாளம் காண இயலாது.

அரசிடமிருந்து வரவேண்டிய தொகை பின்னர் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. மேலாளர் மேலிடத்துக்கு என்ன எழுதினார் என்பதும் தெரியாது. அவ்வரியின் கீழ்க் கோடிட்டவர் யார் என்பதும், மம்சாபுரத்துக்காக இட்டாரா எனக்காக இட்டாரா என்பதும் தெரியாது.