தேத்தண்ணியில் விழுந்த பிறை

ஜஹானா தாத்தாவைப் பற்றி அலவத்துகொடையில் ஒரு கதை ஓடுகிறது. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்கா என்றால் தாத்தா, அண்ணன் என்றால் நானா. கல்யாணம் நின்றுபோக இருந்த ஓர் அநாதைப் பிள்ளைக்கு, ஒரு சதம் வாங்காமல் ஐந்நூறு எம்போஸ் கார்ட் செய்து கொடுத்தவராம். அக்குறணை பஸ் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்நூறு ஆயிரமாகிவிட்டது. கனவில் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்து, “செஞ்சி குடு மகள்” என்று சொன்னதையும் யாரோ சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த அநாதைப் பிள்ளையின் வாப்பா ஹுஸைன் நானா, கண்டி டவுனில் ஒரு கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து மணிக்கூடு திருத்திக்கொண்டு நல்ல சுகமாகத்தான் இருக்கிறார். கார்ட் நூற்றைம்பதுதான். கனவு எதுவும் வரவில்லை. வருவதற்கு ஜஹானா அந்த வாரம் கண்ணை மூடினால்தானே. ஏன் மூடவில்லை என்பதுதான் நடந்த கதை.

ஜஹானாவுக்கு நாற்பத்து மூன்று வயது. தம்பி நபீலின் பேக்கரிக்குப் பின்னால் இரண்டு அறையில் இருக்கிறாள். டுபாயில் பரிசுப் பொருள் கடையொன்றில் வேலை செய்த மாப்பிள்ளை, பதினொரு வருடத்துக்கு முன் தலாக் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மறந்துபோய் விட்டுப்போனது ஒரு டின் நிறையப் பித்தளைத் தகடுகள். பிறை, மல்லிகைக் கொடி, கூஜா, விளக்கு என்று ஒவ்வொரு தகட்டிலும் ஒவ்வோர் உருவம் வெட்டியிருக்கும். அந்த மனிதர் செய்த ஒரே உபகாரம் அந்த மறதிதான் என்று ஜஹானா சொல்வாள்.

வேலையைப் பார்த்தால் சின்னப்பிள்ளை விளையாட்டுப் போலத்தான் இருக்கும். கண்ணாடிப் பலகைக்குக் கீழே ஒரு பல்ப். கண்ணாடி மேல் தகடு. தகட்டின் மேல் கார்ட்டைக் கவிழ்த்து வைத்து, அசையாமல் டேப் ஒட்டி, வெளிச்சத்தில் தெரிகிற கோட்டின் ஓரமாகவே முனை உருண்ட குச்சியால் தடவ வேண்டும். திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் பிறை எழும்பி நிற்கும். மையும் இல்லை, நிறமும் இல்லை. விரலால் தடவினால் தெரிகிற அழகு.

ஆனால் மற்றவர்கள் செய்தால் கிழிகிறது, ஜஹானா செய்தால் கிழிவதில்லை. அவள் பாண் சுற்றுகிற மெழுகுத் தாளால் கார்ட்டின் முதுகை முதலில் தேய்ப்பாள், குச்சி வழுக்கிக்கொண்டு போவதற்கு. முதல் சுற்று பூனை நடக்கிறது மாதிரி. அழுத்தம் எல்லாம் இரண்டாவது சுற்றில். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், கடதாசியில் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் தொய்ந்துவிடும். குறைந்தால் வெடிக்கும். மழைக் காலத்தில் கடதாசி தொய்ந்து கிடந்தால் நபீல் பாண் சுடுகிற போறணை மேல் பத்து நிமிடம் வைத்து எடுப்பாள். பத்தே நிமிடம்.

ஹுஸைன் நானாவின் மகள் ஆஸிகாவின் கல்யாணக் கார்ட்டுக்குக் கடதாசியைத் தானே வாங்கித் தருவேன் என்று மனிதர் பிடிவாதமாக நின்றார். கண்டியில் மூன்று கடை ஏறி இறங்கி, மணிக்கூட்டுச் சக்கரம் பார்க்கிற அதே கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்து வாங்கினாராம். மழையும் விடாமல் பெய்தது. ஜஹானா கடதாசிக் கட்டைப் பிரித்துப் போறணை மேல் பரப்பினாள். அந்த நேரம் பார்த்து மூன்றாம் வீட்டுப் புதுப்பெண்ணுக்கு அலுமாரி வந்து இறங்கியது. ஆறு கதவு அலுமாரி, உள்ளே லைட் எரியுமாம். எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்று போனவள், அந்த வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் கேட்டு முடித்துத் திரும்பும்போது பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிட்டது.

“தாத்தா, ஒங்கட பேப்பர் என்ட பாணை விட நல்லா வெந்திருக்கி” என்றான் நபீல்.

“ஒன்ட வேலயப் பாத்துக்கொண்டு இரி.”

கடதாசி அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. இரண்டு நாள் அறையில் விரித்து வைத்திருந்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழையபடி வந்திருக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மறுநாள் பின்னேரம் கார்ட் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். சொன்ன நாளில் கொடுக்கிறவள் என்ற பெயர் வேறு. குச்சியை வைத்தாள். பிறையின் வளைவில் ‘நொறுக்’ என்று ஒரு சின்னச் சத்தம். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது பிறையின் ஓரத்தில் மயிரளவு வெடிப்பு வழியாகப் பல்ப் வெளிச்சம் தெரிந்தது. அதற்குப் பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல், ராவோடு ராவாக நூற்றைம்பதையும் அவசரமாக முடித்து, கட்டிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் ஹுஸைன் நானா பேக்கரிப் பக்கமாக வராமல் பின்வாசலால் வந்தார். சட்டைப்பையிலிருந்து முகம் துடைக்கிற லேஞ்சி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். உள்ளே தேத்தண்ணிக் கறை பிடித்த ஒரு சின்னப் பிறை.

“கலகெதரக்கி மொதல் கார்ட்ட கொண்டு போன, மாப்புள்ள ஊட்டுக்கு” என்றார். “மாப்புள்ளட உம்மா றம்ஸியா தாத்தா தேத்தண்ணிக் கோப்பய ஒரு கையில வெச்சிக்கொண்டு மத்தக் கையால தொறந்தா. இது கழண்டு கோப்பைக்குள்ள விழுந்திச்சி.”

ஜஹானா அந்தப் பிறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். “அவ என்ன சென்ன?”

“‘பிறை பாத்தாச்சி, நாளைக்கி பெருநாள் தான்’ எண்டா. எல்லாரும் சிரிச்ச. பொறகு, பேப்பர் யாரு வாங்கின எண்டு கேட்டா. நான் தான் எண்டன். ‘அதான், கொறஞ்ச வெலக்கி வாங்கினா இப்பிடித்தான்’ எண்டா.” அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “எனக்கு இந்த வேல தெரியாது தங்கச்சி. அதான் ஒங்கள்ட்ட கேட்டுப் பாக்க வந்த. பேப்பரா பிழ?”

‘இல்ல’ என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது. “பேப்பர் கொஞ்சம் காஞ்ச பேப்பர் நானா” என்றாள்.

பொய் இல்லை. காய்ந்த கடதாசிதான். ஹுஸைன் நானா தலையை ஆட்டி, அந்தப் பிறையை மறுபடியும் லேஞ்சியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார். உடைந்த மணிக்கூட்டுத் துண்டைக்கூட எறியாத மனிதர்.

மறுநாள் காலையில் ஜஹானா கண்டிக்கு பஸ் ஏறி அந்தக் கடதாசிக் கடையைத் தேடிப் பிடித்தாள்.

“மணிக்கூட்டு நானா வாங்கின அதே பேப்பரா?” என்றான் கடைக்காரன். “அத இங்க ஒரு மனிசனும் வாங்குறல்ல. கடையில ஆகக் கூடின வெல அதுதான். அவரு பேரம் கூடப் பேசல்ல.”

அவள் அதையே வாங்கினாள். இந்த முறை போறணைப் பக்கமே கொண்டுபோகவில்லை. கடதாசியை ஒரு நாள் அறையில் ஆறவிட்டாள். மெழுகுத் தாள், பூனை நடை, பிறகு அழுத்தம், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது என்று நான்கு நாளில் நூற்றைம்பதும் முடிந்தன. அவள் கையால் செய்ததில் அவ்வளவு நல்ல பிறைகள் அதற்கு முன் எழும்பியதில்லை. அதைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புதுக் கார்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஹுஸைன் நானா அதற்குரிய சல்லியை நீட்டினார். “வேணாம் நானா” என்றாள்.

“அல்லாவுக்காகவா?”

அவள் ‘இல்லை’ என்று சொல்லாமல் வந்துவிட்டாள். வந்த வினை அதுதான். மனிதர் மணிக்கூடு திருத்த வருகிற ஒவ்வொருவரிடமும், ஜஹானா அல்லாவுக்காகச் செய்து கொடுத்தாள் என்று சொன்னார். பாண் வாங்க வருகிற பெண்கள், “தாத்தா, எங்களுக்கும் துஆ செய்ங்க” என்று பின்வாசலில் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஜஹானா அதைத் தொடவில்லை, நபீல்தான் தின்றான். தொழுதுவிட்டுக் கையை ஏந்தினால், கேட்பதற்கு வாய் வரவில்லை. எதிரே லேஞ்சிதான் விரிந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பின்னேரம், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டுச் சாமான்களோடு ஹுஸைன் நானா வீட்டுக்கு வந்தார்கள். ஜஹானாவையும் விடாமல் கூப்பிட்டு, றம்ஸியா தாத்தா பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார வைத்தார்கள்.

“இந்தப் புள்ள இல்லாட்டி ரெண்டு ஊட்டு மானமும் அந்தக் கோப்பைக்குள்ள தான்” என்று றம்ஸியா தாத்தா அவள் கையைப் பிடித்துச் சபைக்குக் காட்டினார். “அல்லாவுக்காக, சதகாவா செஞ்சி குடுத்த. சில பேரு பெத்த மகள்ட கார்ட்லயும் மிச்சம் புடிக்கிற. நாளக்கி என்ட மகன்ட கையிலயும் அரை மணிக்கூட்டத் தான் கட்டுவாங்களோ தெரியா.”

பெண்கள் சிரித்தார்கள். உள்ளே ஆஸிகா தலையைக் குனிந்தாள். சர்பத் தட்டோடு வாசலில் நின்ற ஹுஸைன் நானா, “ஓம் தாத்தா, பேப்பர்ல எனக்குப் பிழச்சிட்டு” என்று சொல்லி, முதல் கிளாஸை ஜஹானாவிடம் நீட்டினார்.

ஜஹானா கிளாஸை வாங்கவில்லை. றம்ஸியா தாத்தாவின் கையிலிருந்து தன் கையை உருவி எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

“சதகாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கண்டியில ஆகக் கூடின வெலப் பேப்பர் இவரு வாங்கின. அதப் போறண மேல வெச்சிட்டு ஊரான்ட அலுமாரி பாக்கப் போன நான். வெடிச்சது தெரிஞ்சே கட்டிக் குடுத்த. கேக்க வந்த மனிசன்ட தலையில போட்டுத் தப்பின. நான் பழுதாக்கினதத் தான் நான் திருப்பிச் செஞ்ச.”