துப்பறியும் தாசில்தாரும் என் அத்தையும்

தொடர்கதையைக் கிழிப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை இருந்தது. வாரப் பத்திரிகை ரயிலேறி, சற்றுப் பழையதாகிப் புனேக்கு வந்து சேர்ந்ததும் முதலில் அப்பா படிப்பார், பிறகு அம்மா, கடைசியில் நான். பக்கத்தின் பின்புறம் சமையல் குறிப்பு இருந்தால் அம்மா அதைப் பார்த்து முடிக்கும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. அதன்பின் அப்பா கத்தி முனையால் பின்னை நெம்பி, கதைப் பக்கங்களை உருவி, மெத்தைக்கு அடியில் வைத்து நேராக்குவார். கதை முடிந்ததும் சிவப்புப் பென்சிலால் வரிசை எண் போட்டு, லக்ஷ்மி ரோட்டுச் சந்தில் இருந்த பைண்டரிடம் கொடுப்பார். அந்த மராட்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. சிவப்பு எண்தான் அவருக்குக் கதை. ஆயுளில் பெரும்பகுதியை அரசுக் கணக்கு அலுவலகத்தில் கழித்தவள் சொல்கிறேன், அதைவிடச் சீரான கோப்பு முறையை நான் எங்கும் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு எங்களைச் சிரிக்கவைத்தவர் ஒரு துப்பறியும் தாசில்தார். பதவியில் இருந்து ஓய்வு பெற்றும் ஓயாதவர். எந்த வழக்கானாலும் மகஜர் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஒரு விதியும் பிசகாமல் தவறான ஆளைப் பிடிப்பார். பின்னாளில் மேலதிகாரிகள் சிலரை முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டேன் என்றால் அதற்கு அவரே காரணம்.

கதை முடியும் சமயத்தில் அப்பாவின் அக்கா பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். மாமா கூட வரவில்லை. என்ன நடந்தது என்று என் முன்னால் யாரும் பேசவில்லை. மாமா வந்து கூப்பிடுவாரா, கூப்பிட்டால் அத்தை போவாளா, அப்பா என்ன சொல்வார் என்பதே புனேயின் கட்கியில் எங்களுக்கிருந்த குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகளிலும் நிறைந்திருந்த கேள்வி. அதையும் யாரும் பேசவில்லை. அத்தை எல்லோருக்கும் முன்னால் எழுந்து பால் வாங்கப் போனாள், அரிசியில் கல் பொறுக்கினாள், ஒரு தோசையோடு எழுந்துகொண்டாள். சிரிக்க மட்டும் இல்லை.

அப்பா தாசில்தாரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் பைண்டு செய்து கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். மத்தியான வேளைகளில் அத்தை அதைப் படித்தாள், ரயில்வே கால அட்டவணையைப் படிப்பவள்போல. நானும் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. கோழித் திருட்டு முடிந்ததும் கோயில் மணி காணாமல் போயிற்று. நடுவில் ஒரு வாரமே இல்லை.

அப்பாவிடம் புகார் கொடுத்தேன். ஒரு பக்கம் மடங்கினாலே வீட்டை இரண்டாக்குகிறவர், “பைண்டர் தொலைச்சிருப்பான், விடு” என்றார். சிவப்பு எண்கள் மட்டும் ஒன்றுகூட விடுபடாமல் தொடர்ந்து ஓடின. தணிக்கை தெரிந்த யாருக்கும் அங்கேயே விளங்கியிருக்கும், எடுத்தவர் எண் போட்டவர்தான் என்று. எனக்குத் தணிக்கை தெரியாது. அத்தை நல்ல கதையை இழக்கிறாளே என்ற கவலைதான் இருந்தது.

எனவே அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, அப்பாவின் குடையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்த அத்தியாயத்தை நடித்துக் காட்டினேன். ஒருவனுடைய மனைவி கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறாள். தாசில்தார் துப்புத் துலக்கி அவளை மீட்கிறார். பித்தளைக் குடம் ஒன்று, வெள்ளி டம்ளர் ஒன்று, மனைவி ஒன்று என்று பட்டியல் போட்டுக் கணவனிடம் ஒப்படைத்து ரசீது வாங்குகிறார். வழக்கம்போல அவர் பிடித்து வந்தது வேறு யாரோ ஒருத்தியை. கணவனுக்கு அது தெரியவில்லை. மறுநாள் காப்பி நன்றாக இருந்தபோதுதான் சந்தேகம் வருகிறது.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏ பிள்ள, அவன் மூஞ்சியப் பாக்கவே இல்லையா?”

“பாத்தான் அத்தை. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.”

அத்தை சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரும்வரை. அப்புறமும் நீர் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு நன்றாக நடித்தோமா என்று எனக்கே வியப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மா வழிக்கு முறுக்குக் கட்டி வைத்திருந்தாள். டிரங்கு வாசலருகே வந்துவிட்டது. அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாமா ரயிலில் கூட்டம், புனேயின் குளிர், பாவ் என்ற ரொட்டியின் பயனின்மை எல்லாவற்றையும் பேசிவிட்டு, கிளம்பலாமா என்று பொதுவாகக் கேட்டார். அத்தை சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். மாமாவோடு நேராகப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. யார் மூலமாகவாவதுதான் பேசுவாள்.

“ஏ பிள்ள, உங்க மாமாட்ட கேளு. எனக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?”

கேட்டேன்.

“இது என்ன கேள்வி? ரயிலுக்கு நேரமாவுதுன்னு சொல்லு.”

“சொல்லிட்டா கெளம்பிரலாம்னு சொல்லு” என்றது திரை.

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவருக்கு உதவலாமென்று நான் என் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மாமா “வலது” என்றார்.

திரைக்குப் பின்னால் அடுப்பில் பாத்திரம் ஏற்றும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து டிரங்கைத் தூக்கி உள்ளறையில் வைத்துவிட்டு வந்தார்.

“அத்தான், ஸ்டேசன் வரைக்கும் நான் வாரேன்” என்றார்.

முறுக்குப் பொட்டலத்தோடு மாமா தனியாகத்தான் போனார். எனக்கு அவர் மேல் மிகவும் இரக்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட விடை தப்பானால் இன்னொரு முறை கேட்பார்கள். மாமாவுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“அதெல்லாம் நெறயக் குடுத்தாச்சு” என்றாள் அம்மா.

நான் அந்த அறையை விட்டு ஒரு நிமிடம்கூட நகரவில்லை. எப்போது கொடுத்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.